கடல்ல கொட்டினா கரைஞ்சிடுமா?

(பெரிய முதலியார்சாவடியில் ஒரு ஞாயிறு மாலை, மாணவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்ட தம்பிகள் முதலில் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். அணு உலை பற்றிப் பேசுகிறேன் என்றதும் கொஞ்சம் முகம் வாடிப்போச்சு. அது விஞ்ஞானி பேச வேண்டிய விஷயமாச்சே என்று ஒரு தம்பி மெல்லக் கேட்டார். நான் விஞ்ஞானி இல்லை. பட்டப்படிப்பு படித்து, பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன். ஆனால் கணக்கு பார்க்கத் தெரியும். ஒரு கணக்கில் கழித்தால் இன்னொரு கணக்கில் கூட்டணும், நடுவில் எதுவும் காணாமல் போகாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்துக்கு அந்தப் பாடம் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்க ஊர்க் கடற்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு, கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று தெரியும். வலை காயப்போட, படகு ஏற்றி வைக்க, பிள்ளைகள் பந்து விளையாட மணல் இருந்தது. 1980களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வரும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே அரிப்பு. முதலில் புதுச்சேரி டவுன் கரை போச்சு. அங்கே கல் கொட்டிக் காப்பாற்றினார்கள். அதற்கு அடுத்த ஊர் போச்சு. அப்படியே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி என்று வரிசையாக வந்தது. கல் கொட்டினது ஒரு ஊர், வீடு இழந்தது இன்னொரு ஊர். கடலில் ஒரு இடத்தில் செய்கிற காரியம் அந்த இடத்தோடு நிற்காது என்பதை உங்களுக்கு நான் வந்து சொல்லத் தேவையில்லை.

இப்போ மணலுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை வைத்துப் பாருங்க.

2011 மார்ச் 11. ஜப்பானில் பூகம்பம், அதற்குப் பின்னால் சுனாமி. ஃபுகுஷிமா கடற்கரையில் இருந்த அணுமின் நிலையத்துக்குள் 14, 15 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. அணு உலையை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. விறகடுப்பை அணைத்த பிறகும் தணல் கிடக்கிற மாதிரி, நிறுத்தின உலைக்குள்ளும் சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில், மாதக் கணக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கும். தண்ணீர் ஓட்டுகிற பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தருகிற டீசல் என்ஜின்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அவை மூழ்கிவிட்டன. மூன்று உலைகள் உள்ளே உருகின.

கடலுக்கு விஷம் போன வழி ஒன்றல்ல. முதல் வழி காற்று. வெடிப்பிலும் ஆவியிலும் கிளம்பினதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 80 சதவீதம், கடல் மேலேதான் விழுந்தது. அந்த நாட்களில் காற்று பெரும்பாலும் கடல் பக்கம் அடித்தது ஜப்பான்காரர்களின் அதிர்ஷ்டம். இரண்டாவது வழி, உருகின உலையைக் குளிரவைக்க ஊற்றின தண்ணீர். அது உள்ளே போய் விஷத்தில் குளித்துவிட்டு வெளியே வந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி, இரண்டாம் உலைக்குப் பக்கத்துக் குழியில் ஒரு வெடிப்பு வழியாக அது நேராகக் கடலில் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அடைக்க என்னென்ன போட்டார்கள் தெரியுமா? சிமெண்ட் போட்டார்கள். நிற்கவில்லை. மரத்தூள், கிழித்த செய்தித்தாள், தண்ணீரை உறிஞ்சும் ரசாயனத் தூள் எல்லாம் போட்டார்கள். ரோபோ செய்கிற நாடு, தோழர்களே. நம்ம ஊரில் கூரை ஒழுகினால் பழைய சாக்கைத் திணிக்கிற மாதிரி செய்தித்தாளைத் திணித்தார்கள். ஏப்ரல் 6ஆம் தேதிதான் ஒரு ரசாயனத்தை ஊற்றி அடைத்தார்கள். இதற்கிடையில், ரொம்ப விஷமான தண்ணீருக்குத் தொட்டியில் இடம் வேண்டும் என்று, குறைந்த விஷமுள்ள தண்ணீர் 10,000 டன்னுக்கு மேல் அவர்களே கடலில் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி மழையும் ஆறும். மலையில், காட்டில், வயலில் விழுந்தது ஆற்றோடு வந்தது. நான்காவது நிலத்தடி நீர். மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஊற்று உலைக் கட்டிடங்களுக்கு அடியில் புகுந்து கலந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது 2013 ஜூலையில். இரண்டு வருஷம் கழித்து.

இனி அந்தப் பொருள் எது என்று பார்ப்போம். ஒன்றல்ல, பல. அயோடின் 131 என்று ஒன்று. 8 நாளில் பாதியாகும், இன்னொரு 8 நாளில் அந்தப் பாதியில் பாதியாகும். பேங்க் பாஷையில் சொன்னால், குறைகிற பாக்கிக்கு வட்டி போடுகிறோமே அந்த மாதிரி. பாக்கி குறையும், ஆனால் ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகாது. பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒன்றாகும். அயோடினுக்கு அது 80 நாள். சீசியம் 137 என்பதற்குப் பாதியாக 30 வருஷம். அப்போ பத்துப் பாதிக்கு 300 வருஷம். ஸ்ட்ரான்சியம் 90 என்பதும் ஏறத்தாழ அதே கால அளவு. சீசியம் 134 இரண்டு வருஷத்தில் பாதியாகும். டிரிட்டியம் 12 வருஷம் சொச்சம்.

உடம்பு இவற்றைத் தெரியாமல் உள்ளே விடுகிறது. சீசியம் பொட்டாசியத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி, அதனால் சதைக்குள் போகும். ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டு எலும்பில் குடியேறும். அயோடின் தொண்டையில் இருக்கிற தைராய்டுக்குப் போகும். டிரிட்டியம் என்பது தண்ணீரேதான், கொஞ்சம் கனமான தண்ணீர். அதை வடிகட்டிப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். புளுட்டோனியம் கரையாது, சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பெக்கரல் என்ற அளவில் சொல்லுவார்கள். ஒரு வினாடிக்கு ஒரு அணு உடைந்தால் ஒரு பெக்கரல். 2011க்கு முன்னால் பசிபிக் கடலில் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2 பெக்கரல் சீசியம் 137 இருந்தது. அதுவும் இயற்கை இல்லை. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த குண்டுகளின் மிச்சம். 2011 ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த உலையின் வாசலில் ஒரே ஒரு லிட்டரில் 68,000 பெக்கரல். மூன்று கோடி மடங்குக்கு மேல்.

இங்கேதான் நமக்குச் சொல்லப்படுகிற பெரிய பதில் வரும். கடல் பெரியது. கரைந்துபோய்விடும்.

இது முழுப் பொய் இல்லை. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. ஜப்பானுக்குப் பக்கத்தில் குரோஷியோ என்று ஒரு பெரிய கடல் ஆறு ஓடுகிறது. அது அந்தத் தண்ணீரைக் கிழக்கே இழுத்துப் போனது. சுழல்களில் கலந்தது, ஆழத்துக்கு இறங்கியது. 2013இல் கனடா நாட்டுக்கு மேற்கே கடலில் அதைக் கண்டுபிடித்தார்கள். 2015 பிப்ரவரியில் கனடாவின் கரையிலேயே ஒரு சிறு துறையில் எடுத்த தண்ணீரில் இருந்தது. ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? சீசியம் 134 இரண்டு வருஷத்தில் பாதியாகும் சரக்கு. பழைய குண்டுகளில் வந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆகவே அதைப் பார்த்தால் ஃபுகுஷிமா என்று அர்த்தம். நோட்டில் நம்பர் இருக்கிற மாதிரி. ஆனால் அந்தக் கரையில் இருந்த அளவு ஆயிரம் லிட்டருக்கு ஒரு சில பெக்கரல்தான். கடல் தண்ணீரில் இயற்கையாகவே இருக்கிற பொட்டாசியத்தின் கதிர்வீச்சு அதே ஆயிரம் லிட்டருக்கு 12,000 பெக்கரல் போல இருக்கும். அங்கே குளித்தவனுக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீருக்கு முன்னால் மீன் போய்ச் சேர்ந்தது. நீலத்துடுப்புச் சூரை ஜப்பான் பக்கம் குஞ்சு பொரித்து, பசிபிக்கைக் குறுக்கே நீந்தி அமெரிக்கக் கரைக்குப் போகிற மீன். 2011 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பிடித்த 15 சூரைகளைச் சோதித்தார்கள். 15லும் ஃபுகுஷிமா சீசியம். ஐந்தே மாதம். அந்த மீனைத் தின்றாலும் ஆபத்து என்று சொல்கிற அளவு இல்லை. ஆனால் கடல் வெறும் தண்ணீர்த் தொட்டி இல்லை, அதில் நீந்துகிறவன் இருக்கிறான், சுமந்து போகிறவன் இருக்கிறான் என்பது தெரிந்தது.

இப்போ சராசரி என்ற சொல்லைப் பற்றிச் சொல்லணும். எங்க பேங்கில் கிளைக்குச் சராசரி இருப்பு இவ்வளவு என்று மேலே ஒரு எண் அனுப்புவோம். பார்க்க நல்லா இருக்கும். இரண்டு இறால் பண்ணைக்காரர், ஒரு ரிசார்ட்காரர் கணக்கை எடுத்துவிட்டால் அந்த எண் தரையில் விழுந்துவிடும். காலையில் வந்து நூறு ரூபாய் எடுக்கிற உப்பள அம்மா அந்தச் சராசரிக்குள் எங்கேயும் இல்லை. கடல் சராசரியும் அந்த ஜாதிதான். பசிபிக் முழுவதற்கும் வகுத்தால் ஒன்றுமில்லை. உலைக்குப் பக்கத்துத் துறைமுகத்துக்குள் 2013இல் பிடித்த ஒரு மீனில் கிலோவுக்கு 7,40,000 பெக்கரல். ஜப்பானில் உணவுக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 100. பத்து வருஷத்துக்கு மேலாகி, 2023 மே மாதத்தில் அதே துறைமுகத்தில் பிடித்த ஒரு பாறைமீனில் 18,000.

ஏன் தண்ணீர் தெளிந்த பிறகும் மீன் தெளியவில்லை? சேறு. சீசியத்தில் ஒரு பங்கு களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்தது. புழு சேற்றைத் தின்னும், நண்டு புழுவைத் தின்னும், அடிமீன் நண்டைத் தின்னும். மேலாக ஓடுகிற மத்தி, நெத்திலி மாதிரி மீன்கள் சீக்கிரம் தெளிந்துவிட்டன. தரையோடு கிடக்கிற மீன்கள்தான் நாள் இழுத்தன. கணக்கு மாறியதே தவிர தொகை காணாமல் போகவில்லை.

இங்கிலாந்தில் செல்லாஃபீல்டு என்று ஒரு அணுக் கழிவு ஆலை. அங்கே கடலுக்குப் போனது விபத்தால்கூட இல்லை. குழாய் போட்டு ஐரிஷ் கடலில் வருஷக்கணக்கில் திட்டம் போட்டே விட்டார்கள், கரைந்துவிடும் என்று. 1970களில் உச்சம். புளுட்டோனியமும் சீசியமும் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் போய் உட்கார்ந்தன. குழாயில் விடுவதைப் பெருமளவு குறைத்த பிறகும், அந்தச் சேறே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மணலும் அப்படித்தான். இது எனக்கே புதுசு, படிக்கும்போது தூக்கிவாரிப்போட்டது. 2017இல் ஒரு ஆய்வு வந்தது. ஃபுகுஷிமாவிலிருந்து 100 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள எட்டுக் கடற்கரைகளில் மணலுக்கு அடியில் குழாய் இறக்கி ஊற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். நாம் கடலோரம் தோண்டினால் ஊறுமே உவர்த்தண்ணீர், அதுதான். அதில் சீசியம், அப்போது உலைத் துறைமுகத்துக் கடல்நீரில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. 2011இல் அலை கொண்டுவந்ததை மணல் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மேலே நின்று பார்த்தால் வெறும் மணல். யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை, அதனால் ஆபத்து பெரிதில்லை என்றுதான் ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது: யாரும் தேடாத இடத்தில் அது ஐந்து வருஷம் இருந்திருக்கிறது.

சரி. ஜப்பான் கதை நமக்கு எதற்கு?

இங்கிருந்து வடக்கே 70 கிலோமீட்டர் போல கல்பாக்கம். மரக்காணத்திலிருந்து அதைவிடக் கிட்டே. முதல் உலை 1983இல் எரியத் தொடங்கியது, இரண்டாவது 1985இல். முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது. பக்கத்திலேயே சோதனை உலை, கழிவை மறுபடி பிரித்தெடுக்கிற ஆலை, வேக ஈனுலை. குளிர்விக்கும் கடல்நீரை ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தூரம் கடலுக்கு அடியில் சுரங்கம் போட்டு எடுக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அந்தச் சுரங்கம் வழியாகவும் போனது. பம்பு வீட்டில் தண்ணீர் ஏறி, பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள். ஒழுங்காகக் குளிர்ந்தது. உருகவில்லை, கசியவில்லை. சில நாளில் திரும்ப ஓட்டினார்கள். இதை நாம் நேர்மையாகச் சொல்லணும். நடக்காததை நடந்தது என்று மேடையில் பேசினால் நாளைக்கு நடந்ததைச் சொல்லும்போதும் நம்ப மாட்டார்கள். ஆனால் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஈனுலையின் அஸ்திவாரக் குழி அன்றைக்குக் கடல் தண்ணீரில் மூழ்கியது என்பதும், ஊழியர் குடியிருப்பில் ஆட்கள் செத்தார்கள் என்பதும் நடந்ததுதான். 1999 மார்ச்சில் இரண்டாவது உலையில் கனநீர் டன் கணக்கில் கொட்டியது. 2003 ஜனவரியில் மறுசுழற்சி ஆலையில் ஒரு வால்வு கோளாறால் ஆறு தொழிலாளர்கள் கதிர்வீச்சு வாங்கினார்கள். அது வெளியே தெரியவே மாதங்கள் ஆயின.

ஒருவேளை பெரிசாக ஒன்று நடந்தால் கடல் என்ன செய்யும்? எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி செய்யாது. மாசத்தைப் பொறுத்தது. மாசி பங்குனியிலிருந்து நம்ம கரையோர வெள்ளம் வடக்கே ஓடும். அப்போ அது சென்னைப் பக்கம் போகும். ஐப்பசி கார்த்திகை மார்கழியில், வாடைக் காலத்தில், வெள்ளம் தெற்கே திரும்பும். வினாடிக்குக் கால் மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21 கிலோமீட்டர் சொச்சம். மரக்காணம் முகத்துவாரத்துக்கு இரண்டு நாள் கொஞ்சம், இந்த ஊருக்கு மூன்று நாள் கொஞ்சம். கடலில் போகிற அண்ணன்மார் இங்கே இருக்கீங்க, வெள்ளம் இதைவிட வேகமாகப் போன நாளும் உங்களுக்குத் தெரியும்.

பசிபிக் மாதிரி வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகிற வழி கிடையாது. வடக்கே மூடின பை. கங்கையும் பிரம்மபுத்ராவும் கொட்டுகிற நல்ல தண்ணீர் மழைக்காலத்துக்குப் பின் உப்புத்தண்ணீர் மேலே ஒரு பாலாடை மாதிரி பரவி நிற்கும். அது மேல்தண்ணீரைக் கீழ்த்தண்ணீரோடு சுலபமாகக் கலக்கவிடாது. வருஷத்துக்கு இரண்டு தடவை வெள்ளம் திசை மாறும். போனது திரும்பி வர வாய்ப்பிருக்கிற கடல் இது.

பிறகு கழுவெளி. மாணவர்கள் பறவை பார்க்கப் போயிருப்பீர்கள்; 2021இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறும், மழைக்காலத்தில் ஏரித்தண்ணீர் வெளியே வரும். களிமண், சேறு, ஆழமில்லாத தண்ணீர். இதுவரை சொன்னதையெல்லாம் சேர்த்துப் பாருங்க, சீசியம் தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் எது? இன்னொன்றும் உண்டு. உப்புத்தண்ணீர் மீன் எப்போதும் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதோடு சீசியமும் போகும். நல்ல தண்ணீர் மீன் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜப்பானிலும் கடல் மீன் தெளிந்த பிறகும் ஆற்று, ஏரி மீன்களுக்குத் தடை நீடித்தது. மழைக்காலத்தில் உப்புக் குறைகிற கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் யார்? இருளர்கள். நம்ம காலனிப் பெண்கள். இடுப்புவரை அந்தச் சேற்றில் நிற்கிறவர்கள்.

உப்புக்கு வருகிறேன். அம்மாக்கள் இதைக் கேட்கத்தான் வந்திருக்கீங்க என்று தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் காயணும். வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும், மற்றதெல்லாம் பாத்தியில் நிற்கும். அயோடின் உப்பு விளைந்து விற்கிற காலத்துக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். சீசியம் ரொம்பச் சுலபமாகக் கரைகிற சரக்கு. அதனால் உப்புக் கல்லுக்குள் அதிகம் ஏறாமல், உப்பு வாரின பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில்தான் பெரும்பகுதி தங்கும். கேட்க நல்ல சேதி மாதிரி இருக்கும். வாங்கித் தின்கிறவனுக்கு நல்ல சேதிதான். ஆனால் அந்தக் கசப்புத் தண்ணீரில் காலை வைத்து நிற்கிறது யார்?

தின்கிறவனாவது நம்புவானா என்றால் அதுவும் சந்தேகம். 2011 மார்ச்சில் சீனாவில் ஜனங்கள் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். 2023இல் ஜப்பான் தேக்கி வைத்த தண்ணீரைக் கடலில் விடப்போகிறது என்றதும் தென் கொரியாவில் கடல் உப்பு விலை ஏறி, கடைகளில் காலியாகிவிட்டது. நாளைக்கு வரப்போகிற உப்பு வேண்டாம், நேற்றைய உப்பு வேண்டும். கல்பாக்கத்தில் ஒரு சைரன் அடித்தால் போதும், மரக்காணம் உப்பு என்று சாக்கில் எழுத முடியாது. பழைய உப்பை அம்பாரம் போட்டு மூடி வைத்திருக்கிற வியாபாரிக்கு அந்த வருஷம் லாபம். கூலிக்கு வாருகிறவளுக்கு வேலை இல்லை.

ஃபுகுஷிமா மீனவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு அவர்களுக்குத் தொழிலே நின்றுபோனது. 2012 ஜூனில் சோதனை மீன்பிடிப்பு என்று இரண்டு மூன்று வகைக்கு மட்டும் ஆரம்பித்து, வருஷக்கணக்கில் ஒவ்வொரு வகையாக நிரூபித்து நிரூபித்துத்தான் சந்தைக்கு வந்தார்கள். உலையில் சேர்ந்த தண்ணீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் நின்றது. 2015இல் மீனவர் சங்கங்களுக்கு எழுத்திலேயே வாக்குக் கொடுத்தார்கள்: சம்பந்தப்பட்டவர்களின் புரிந்துணர்வு இல்லாமல் அதை வெளியேற்றமாட்டோம். 2023 ஆகஸ்ட் 24ஆம் தேதி விட ஆரம்பித்தார்கள். மீனவர்கள் எதிர்ப்பைக் கைவிடவில்லை. வடிகட்டின தண்ணீர், டிரிட்டியம்தான் மிச்சம், அதையும் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கலந்து விடுகிறோம் என்றார்கள். 30 வருஷம் போல ஓடும் வேலை. அந்த அளவு பாதகமில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது. இருக்கலாம். விஞ்ஞானத்தில் அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும், எழுதிக் கொடுத்த வாக்கு என்னாச்சு? சீனா உடனே ஜப்பான் மீனை வாங்கமாட்டேன் என்றது. கையெழுத்துப் போட்டவன் நஷ்டப்படவில்லை.

அந்த உலையைச் சுத்தம் செய்யப் போனவர்கள் யார் என்று தேடிப் பார்த்தேன். ஒசாகா நகரத்தில் கமகசாகி என்று ஒரு கூலிக்காரர் பேட்டை. காலையில் வந்து நின்றால் தரகர் வந்து ஆள் பிடித்துப் போகிற இடம். ஜப்பானில் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட புராக்குமின் மக்களும், கொரியர்களும், ஊரைவிட்டு வந்த ஏழைகளும் ஒதுங்கின பேட்டை அது. 2011இல் அங்கிருந்து ஒருவரை வேறு மாவட்டத்தில் லாரி ஓட்டுகிற வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், ஃபுகுஷிமா வளாகத்தில் இறக்கிவிட்டார்கள். அது செய்தியாகவே வந்தது. கடல் கடந்தும் குப்பை அள்ளுகிறவன் யார் என்பதில் மாற்றமில்லை.

என் சொந்தக் கதை ஒன்று. 2004இல் நான் பத்தாவது படித்தேன். எங்க அம்மா உப்பளத்தில். சுனாமித் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏறிப் பாத்திகளில் சேற்றைப் போட்டுவிட்டுப் போனது. தை மாசம் திருத்த வேண்டிய பாத்தி அந்த வருஷம் தள்ளிப்போச்சு, கூலியும் போச்சு. கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார். பேர் கேட்டார். "படகு இருக்கா? வலை இருக்கா?" என்றார். அம்மா இல்லை என்றாள். "அப்ப நீ பாதிக்கப்பட்டவ இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கோபமாகக்கூட இல்லை. அந்த ஆள் சொன்னதை அவள் நம்பிவிட்டாள், நமக்கு ஒன்றும் ஆகவில்லை போல என்று. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கடலோரத்துச் சேரிகள் பலவற்றுக்கு அந்தச் சமயத்தில் நிவாரணம் எட்டாமல் போனது பிற்பாடு அறிக்கைகளாக வந்தது. நாங்கள் அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அணு விபத்திலும் இதே கேள்விதான் வரும், ஆனால் இன்னும் மோசமாக வரும். சேறு கண்ணுக்குத் தெரிந்தது. சீசியம் தெரியாது. நம்ம நாட்டில் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டம் போட்டு அவசரத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 20 கிலோமீட்டர் வரைந்தார்கள். பிறகு வடமேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஈடாட்டே என்ற ஊரை ஒரு மாதம் கழித்துக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த ஒரு மாதமும் அந்த ஜனங்கள் அங்கேதான் சமைத்துச் சாப்பிட்டார்கள். வட்டத்துக்கு வெளியே இருக்கிற உப்பளக்காரி நாளைக்கு எனக்கு வேலை போச்சு, இறால் விலை போச்சு என்றால், நிரூபி என்பார்கள். எதை வைத்து நிரூபிப்பது? முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே பின்னால் ஏறினது தெரியும்? தொடக்க இருப்பு இல்லாத பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்று என்ன வாதாட முடியும்?

கல்பாக்கத்தில் அளவு எடுக்கிறார்கள். கடல்நீர், மீன், மணல் எல்லாம் எடுக்கிறார்கள், ஆங்கிலத்தில் கட்டுரையும் எழுதுகிறார்கள். எந்த உப்பளத்தில், எந்த இறாலில், எந்த மாதம் எவ்வளவு என்று மரக்காணத்துப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதினதை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கீங்களா? 1962ஆம் வருஷ அணுசக்திச் சட்டம் தகவலை மூடிவைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்த சட்டம். அந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது. இடிந்தகரையில் ஜனங்கள் 2011லும் 2012லும் கேள்வி கேட்டதற்கு ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள்.

ஆனால் கேட்காமல் தாங்களே அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபுகுஷிமாவுக்குத் தெற்கே இவாகி என்ற ஊரில், 2011 கடைசியில், தாய்மார்கள் சேர்ந்து தாராச்சினே என்று ஒரு சோதனைக்கூடம் ஆரம்பித்தார்கள். அரிசி, காய், மீன், கடல்நீர் என்று அவர்களே அளந்து வெளியிட்டார்கள். அமெரிக்கக் கரையில் 2014இல் ஒரு கடல் விஞ்ஞானி ஏற்பாட்டில் சாதாரண ஜனங்கள் 20 லிட்டர் கேனில் கடல்நீரைப் பிடித்துத் தபாலில் அனுப்பினார்கள். சோதனைச் செலவுக்குக் காசும் அவர்களே திரட்டினார்கள். நமக்கு அந்தக் கருவி இல்லை, காசும் இல்லை. பல்கலைக்கழகங்களில் அந்தக் கருவி இருக்கும். இங்கே உட்கார்ந்திருக்கிற எம்.எஸ்சி. படிக்கிற தம்பி, பாப்பா, நீங்கள் உங்கள் துறையில் போய்க் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

என்னால் முடிந்தது நோட்டுப் போடுவது. இரண்டு வேலை யோசித்திருக்கிறேன். ஒன்று, மரக்காணம் பாத்தியிலிருந்து ஒரு கிலோ உப்பு, வாரின பிறகு நிற்கிற தண்ணீர், கழுவெளிச் சேறு ஒரு டப்பா, இறால், இந்த ஊர் மணலில் தோண்டின ஊற்றுத் தண்ணீர். சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை. தேதி, இடம், எடுத்தவர் பேர் எழுதி. சோதிக்க வழி பண்ணுகிற வரைக்கும் உப்பையும் காயவைத்த சேற்றையும் மூடி வைத்திருந்தால் அதிலிருக்கிற சீசியம் எங்கேயும் போகாது, 30 வருஷம் காத்திருக்கும். இறால் கெட்டுவிடும், அதைச் சோதிக்க ஆள் கிடைத்த பிறகு எடுப்போம். இரண்டு, உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறவர்கள், கழிமுகத்தில் கையால் பிடிக்கிறவர்கள் பேர்ப்பட்டியல். எத்தனை வருஷமாக, என்ன கூலி, வருஷத்தில் எத்தனை நாள். முதலாளி கையெழுத்து வேண்டாம், பக்கத்துப் பாத்தியில் நிற்கிற இரண்டு பேர் கைநாட்டுப் போதும். அதை கலெக்டர் ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று சீல் வாங்கி வைத்துக்கொள்வோம்.

நோட்டு இங்கே மேசை மேலே இருக்கிறது. எங்க அம்மா பேரை நேற்றே முதல் வரியில் எழுதிவிட்டேன், 31 வருஷம் என்று போட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ வருவதற்குள் அம்மாக்கள் ஒவ்வொருத்தராக வந்து சொல்லுங்க, நான் எழுதிக்கொள்கிறேன். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு.